மோட்டார் எஞ்சினின் மசகெண்ணெயை எப்பொழுது மாற்றுவது?

ஜனவரி மாதத்துக் காலை வேளையில் புது டில்லியிலுள்ள கிட்வாய் நகர்க் குடியிருப்பின் வாயிலில் நின்று நோக்குவோர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். இரவு முழுவதும் குளிரில் நின்ற கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுகின்றன. அவற்றின் புகைப்போக்கிக் குழாய்களிலிருந்து வெண்ணிற ஆவி எழுகின்றது. குழாயின் முனையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் வீழ்கின்றது. வண்டியில் ஏதோ கோளாறு என்று சிலர் ஐயுறுவதுண்டு. கோளாறு ஏதுமில்லை. பெட்ரோல் எரியும்பொழுது இயல்பாகத் தோன்றும் நீரே அது. ஆயினும், காரின் மசகெண்ணெயை எப்பொழுது மாற்ற வேண்டும் என்னும் வினாவுக்கு உரிய விடையின் பெரும் பகுதி அந்தச் சொட்டு நீரிலேயே அடங்கியுள்ளது.

சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவையில் இடம் பெற்று, பின்னர் உணவுத் துறையையும் நிருவகித்த ரபி அகமது கிட்வாய் (1894–1954) அவர்களின் பெயரைத் தாங்கியது கிட்வாய் நகர். மத்திய அரசு ஊழியர்களுக்காக அமைந்த குடியிருப்பு அது. அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்துக்கு எதிரே, ரிங் ரோடும் அரவிந்தோ மார்க்கும் சந்திக்கும் இடத்தை ஒட்டி அமைந்துள்ளது. பழைய தாழ்ந்த வீடுகள் நின்ற கிழக்குக் கிட்வாய் நகரில் இப்பொழுது பன்மாடிக் கட்டிடங்கள் எழுந்துள்ளன. ஆனால், அங்கு வாழும் ஊழியரின் அன்றாடப் பயணம் மட்டும் பெரிதும் மாறவில்லை. காலையில் மத்திய அரசு அலுவலகங்கள் நிறைந்த கர்த்தவ்யப் பாதைப் பகுதிக்குச் சில கிலோமீட்டர். மாலையில் அதே தொலைவு திரும்பி வருதல்.

இத்தகைய காரின் உரிமையாளர் பொதுவாக இவ்வாறு எண்ணுகிறார்: “வண்டி ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகின்றது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றினால் போதும் என்கிறார்கள். ஆகவே மூன்று ஆண்டுகளுக்குக் கவலையில்லை.” இக்கணக்கு நேர்மையானதாகத் தோன்றும். எனினும், நன்கு பராமரிக்கப்படுவதாகத் தோன்றும் பல எஞ்சின்கள் இக்கணக்கினாலேயே கெடுகின்றன. குறைவாக ஓடும் கார் எல்லா வகையிலும் குறைவாகத் தேய்கின்றது என்னும் கருத்து ஏன் பிழையானது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

மசகெண்ணெயின் பணிகள்

எஞ்சின் ஆயில் என்று வழங்கும் மசகெண்ணெய், உராய்வைக் குறைப்பதற்கு மட்டும் உரியதன்று. அதற்கு ஐந்து பணிகள் உண்டு. முதலாவது, ஒன்றோடொன்று உரசும் உலோகப் பரப்புகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று அவற்றைப் பிரித்து வைத்தல். இரண்டாவது, பிஸ்டனின் அடிப்பகுதி, தாங்கிகள் முதலிய இடங்களிலிருந்து உஷ்ணத்தைக் கவர்ந்து செல்லுதல். மூன்றாவது, பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்தல். நான்காவது, கரியையும் கசடையும் கழுவி, அவை ஓரிடத்தில் படியாமல் தன்னுள் மிதக்கவைத்தல். ஐந்தாவது, அமிலத்தினின்றும் துருவினின்றும் உலோகத்தைக் காத்தல்.

இவ்வளவையும் வெறும் எண்ணெய் தனித்துச் செய்ய இயலாது. கடையில் வாங்கும் மசகெண்ணெயில் ஏறத்தாழ முக்கால் பங்கிற்கு மேற்பட்டது அடிப்படை எண்ணெய். எஞ்சியது ரசாயனச் சேர்க்கைப் பொருள்கள். கால்சியம், மக்னீசியம் சேர்ந்த உப்புகள் கசடைக் கழுவுவதோடு, தம் காரத்தன்மையால் அமிலத்தை முறிக்கின்றன. துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த கூட்டுப்பொருள் உலோகத்தின் மீது ஒரு காப்புப் படலத்தை அமைத்துத் தேய்மானத்தைத் தடுக்கின்றது. நுரை எழாமல் தடுப்பவை, உஷ்ணத்தால் எண்ணெய் மிகையாக நீர்த்துவிடாமல் காப்பவை என வேறு சிலவும் உண்டு.

இங்கு மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று. அடிப்படை எண்ணெய் மெதுவாகவே கெடுகின்றது. சேர்க்கைப் பொருள்களோ பணி செய்யச் செய்யச் செலவாகின்றன. அமிலத்தை முறித்த காரம் மீண்டும் காரமாவதில்லை. எனவே, எண்ணெய் மாற்றுதல் என்பது, உண்மையில், தீர்ந்துபோன இக்காப்புப் பொருள்களைப் புதுப்பித்தலும், சேர்ந்துவிட்ட அழுக்கை வெளியேற்றுதலுமேயாகும்.

எண்ணெய் கெடும் மூன்று வழிகள்

முதல் வழி உஷ்ணம். ஓடும் எஞ்சினில் தொட்டியிலுள்ள எண்ணெய் பொதுவாக 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகின்றது. பிஸ்டனை ஒட்டிய இடங்களில் அதனினும் மிகுதி. அந்நிலையில் காற்றிலுள்ள பிராணவாயு எண்ணெயோடு கூடி, அமிலங்களையும் பிசின் போன்ற பொருள்களையும் உண்டாக்குகின்றது. இதனை ஆக்ஸிகரணம் என்பர். உஷ்ண நிலை ஒவ்வொரு 10 டிகிரி உயரும்பொழுதும் இவ்வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ரசாயனத்தில் நடைமுறைக்கு உதவும் ஒரு பொது விதி. டில்லியில் மே, ஜூன் மாதங்களில் சில நாட்களில் நிழலிலேயே 45 டிகிரி காணப்படுகின்றது. அவ்வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நகராது நிற்கும் காருக்கு எதிர்க்காற்றின் குளிர்ச்சியும் கிட்டுவதில்லை.

இரண்டாம் வழி தூசி. கோடையில் ராஜஸ்தானத்துப் பக்கமிருந்து வீசும் புழுதிப் புயலை டில்லி மக்கள் ஆந்தி என்பர். கட்டிட வேலை நடைபெறும் இடங்களின் தூசியும் அதனோடு சேர்கின்றது. மணல் தூசியில் பெரும்பகுதி சிலிக்கா. கடினத்தை அளக்கும் மோ அளவையில் அதன் கடினம் 7. எஞ்சின் தாங்கியிலுள்ள எண்ணெய்ப் படலத்தின் கனமோ சில மைக்ரான் மட்டுமே. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் கனமுள்ளது. காற்று வடிகட்டியைக் கடந்து உட்புகும் நுண்துகள், இப்படலத்தில் அரம்போல் நின்று உலோகத்தை அராவுகின்றது. எனவே எண்ணெயை மட்டும் மாற்றி, அடைபட்டதும் கிழிந்ததுமான காற்று வடிகட்டியை அப்படியே விடுவது அரைப்பணியேயாகும்.

மூன்றாம் வழி, குறும்பயணத்தால் சேரும் நீரும் எரிபொருளும். பலரும் அறியாத வழி இதுவே. கிட்வாய் நகர்க் காருக்கு மிகுதியாகப் பொருந்துவதும் இதுவே.

ஒரு லிட்டர் பெட்ரோல், ஒரு லிட்டர் நீர்

பெட்ரோல், ஹைட்ரஜனும் கரியும் சேர்ந்த பொருள்களின் கலவை. அவற்றுள் ஒன்றான ஆக்டேனை எடுத்துக்கொள்ளலாம். 114 கிராம் ஆக்டேன் முற்றிலும் எரிந்தால் 162 கிராம் நீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியான நீர் பிறக்கின்றது. ஆறு கிலோமீட்டர்ப் பயணத்தில் அரை லிட்டர் பெட்ரோல் செலவாகுமாயின், அப்பயணத்தில் அரை லிட்டர் நீர் தோன்றுகின்றது என்று பொருள்.

இந்நீரில் மிகப் பெரும்பகுதி ஆவியாகப் புகைப்போக்கி வழியே சென்றுவிடுகின்றது. ஒரு சிறு பகுதி மட்டும், எரிந்த வாயுக்களோடு கலந்து, பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே எண்ணெய்த் தொட்டியை அடைகின்றது. எஞ்சின் நன்கு சூடாக இருந்தால் அது மீண்டும் ஆவியாகி, அதற்கென அமைந்த காற்றுப் பாதை வழியே வெளியேறிவிடும். எஞ்சின் குளிர்ந்திருந்தால், பனித்துளி இலைமீது படிவதுபோல, உட்சுவர்களில் நீராகப் படிந்து எண்ணெயோடு கலந்துவிடும்.

இதனோடு எரிபொருளும் சேர்கின்றது. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுதும் ஆவியாவதில்லை. ஆதலால் அதனைச் சற்று மிகுதியாகச் செலுத்த வேண்டியுள்ளது. எரியாத துளிகள் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எண்ணெயை நீர்த்துப்போகச் செய்கின்றன. 2025-ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வழக்கிற்கு வந்துவிட்டது. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட மிகுதியான உஷ்ணம் தேவை என்பதால், குளிர்ந்த எஞ்சினில் இக்கலப்பும் கவனிக்கத்தக்கதாகின்றது.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் சில நிமிடங்களில் சூடாகிவிடும். அதனைக் காட்டும் முள்ளும் நடுவுக்கு வந்துவிடும். எண்ணெயோ அதற்குப் பின்னரே மெல்லச் சூடேறுகின்றது. குளிர்காலக் காலையில் ஆறு கிலோமீட்டர் சென்று கார் நிற்கும்பொழுது, எண்ணெய் தன் முழு உஷ்ண நிலையை அப்பொழுதுதான் நெருங்கியிருக்கும், நெருங்காமலும் இருக்கலாம். சேர்ந்த நீரை வெளியேற்ற அவகாசம் கிடைப்பதில்லை. மாலையில் குளிர்ந்த எஞ்சினுடன் மீண்டும் அதே கதை தொடங்குகின்றது. நாளடைவில் நீரும், கரியும், அமிலமும், எரியாத எரிபொருளும் கூடிச் சேறு போன்ற கசடாகின்றன. அது எண்ணெய் செல்லும் நுண்ணிய வழிகளை அடைக்குமாயின், தாங்கிகள் எண்ணெயின்றி உரசிக் கெடும். பழுதுபட்ட எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்ய ஆகும் செலவு, பல ஆண்டுகள் எண்ணெய் மாற்ற ஆகும் செலவைவிட மிகுதியானது.

இரு கார்களின் கணக்கு

ஒரே வகையான இரண்டு கார்கள் கிட்வாய் நகரில் உள்ளன எனக் கொள்க. முதற் கார் நாள்தோறும் அலுவலகத்துக்கு ஆறு கிலோமீட்டர் சென்று, ஆறு கிலோமீட்டர் திரும்புகின்றது. ஆண்டில் 250 வேலை நாட்கள் எனின், அது ஓடும் தொலைவு 3,000 கிலோமீட்டர். குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கும் தடவைகள் 500. இரண்டாம் கார் ஜெய்ப்பூர், ஆக்ரா முதலிய ஊர்களுக்குச் சென்று வருகின்றது. அது ஒவ்வொரு முறை தொடங்கியபின்னும் சராசரி 200 கிலோமீட்டர் ஓடுகின்றது எனக் கொள்க.

இரு கார்களிலும் 10,000 கிலோமீட்டர் ஆனபின் எண்ணெயை மாற்றுவதாயின், இரண்டாம் கார் அதற்குள் 50 முறை மட்டுமே குளிர்ந்த நிலையில் தொடங்கியிருக்கும். முதற் காரோ ஏறத்தாழ 1,667 முறை தொடங்கியிருக்கும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கும். மூன்று குளிர்காலங்களின் நீரும் அதே எண்ணெயில் சேர்ந்திருக்கும். கிலோமீட்டர்க் கருவி இரண்டிலும் ஒரே எண்ணைக் காட்டுகின்றது. எண்ணெயின் நிலையோ முற்றிலும் வேறு.

ஆகவே, வெளியூர் செல்லும் காருக்கே எண்ணெய் விரைவில் கெடும் என்னும் எண்ணம் தவறு. சீரான வேகத்தில் நெடுந்தொலைவு செல்லும் எஞ்சினின் நிலையே எண்ணெய்க்கு மிக இதமானது.

கையேடு கூறுவது என்ன?

இன்று இந்தியாவில் விற்கப்படும் பல பெட்ரோல் கார்களுக்கு, எண்ணெயையும் எண்ணெய் வடிகட்டியையும் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அல்லது ஓராண்டுக்கு ஒரு முறை, இவற்றுள் எது முந்தியதோ அப்பொழுது மாற்ற வேண்டுமெனக் கையேடு விதிக்கின்றது. “எது முந்தியதோ” என்னும் சொற்களே இவ்விதியின் உயிர். அவற்றை விட்டுவிட்டுக் கிலோமீட்டரை மட்டும் படிப்பதே மேலே கூறிய பிழைக்குக் காரணம்.

இதனையடுத்துப் பெரும்பாலான கையேடுகளில் “கடும் பயன்பாடு” என்னும் தலைப்பில் மற்றோர் அட்டவணை காணப்படும். அடிக்கடி குறும்பயணம் செல்லுதல், நெடுநேரம் நின்றவாறே எஞ்சினை ஓட்டுதல், தூசி மிகுந்த சாலை, மிகுந்த வெயிலில் நெரிசலான நகரப் போக்குவரத்து, பாரம் இழுத்தல் ஆகியவை அதில் அடங்கும். இவற்றுக்குப் பொதுவாக இடைவெளி பாதியளவாகக் குறைக்கப்படுகின்றது. எத்தனை கிலோமீட்டருக்குக் குறைந்தது குறும்பயணம் என்பது கையேட்டுக்குக் கையேடு வேறுபடும். சுமார் எட்டுக் கிலோமீட்டர் என்பது பலவற்றில் காணும் அளவு. “கடும் பயன்பாடு” என்றவுடன் மலைப்பாதையையும் பாலைவனத்தையும் நினைப்போர் பலர். உண்மையில், குளிரில் நின்று, ஆறு கிலோமீட்டர் ஊர்ந்து, மீண்டும் குளிர்ந்து நிற்கும் அலுவலகக் காரும் அவ்வகையைச் சேர்ந்ததே.

இதிலிருந்து, எல்லாக் கார்களுக்கும் எண்ணெயை அடிக்கடி மாற்றினால் நன்மை என்று கொள்வதும் தவறாகும். அமெரிக்காவில் மூவாயிரம் மைலுக்கு ஒரு முறை மாற்றும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. எண்ணெயும் எஞ்சினும் சீர்திருந்திய பின்னரும் பழக்கத்தினால் அது தொடர்ந்து, நல்ல எண்ணெய் வீணாயிற்று. ஐரோப்பாவில் சில கார்களுக்கு, அவற்றுக்கென வகுத்த சிறப்பு எண்ணெயைப் பயன்படுத்தினால், 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு வரை இடைவெளி அனுமதிக்கப்படுகின்றது. சில கார்களில் எஞ்சினின் சுழற்சியையும் உஷ்ண நிலையையும் கணக்கிட்டு எண்ணெயின் எஞ்சிய ஆயுளைக் காட்டும் கருவியும் உண்டு. எண்ணெயின் ஆயுள் கிலோமீட்டரை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு இக்கருவியே சான்று.

டீசல் காரும் வாயுக் காரும்

டில்லியில் இயற்கை வாயுவால் ஓடும் கார்கள் மிகுதி. வாயு, சிலிண்டர்ச் சுவரைக் கழுவுவதில்லை. கரியும் குறைவாகவே உண்டாகின்றது. ஆதலால் எண்ணெய் நெடுநாள் தெளிவாகத் தோன்றும். அத்தோற்றத்தை நம்பிவிடக் கூடாது. 16 கிராம் மீதேன் எரிந்தால் 36 கிராம் நீர் தோன்றுகின்றது. அதாவது ஒரு கிலோகிராமுக்கு 2.25 கிலோகிராம். எடைக்கு எடை பெட்ரோல் தரும் நீரைவிட இது மிகுதி. எனவே குறும்பயணத்தின் தீமை வாயுக் காருக்கும் உண்டு.

டில்லியில் 2018 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 தர எரிபொருள் வழங்கப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வந்தது. இதில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேற்படாது. ஆதலால் கந்தக அமிலத்தின் தொல்லை முன்னாளைவிட மிகக் குறைவு. ஆனால் இத்தரத்து டீசல் கார்களிற் பலவற்றில் கரியைப் பிடித்துவைத்து அவ்வப்போது எரிக்கும் வடிகட்டி ஒன்று அமைந்துள்ளது. அதனை எரிப்பதற்கு எஞ்சின் மிகுதியான டீசலைச் செலுத்துகின்றது. குறும்பயணத்தால் அவ்வெரிப்பு இடையில் நின்றுபோனால், அந்த டீசலில் ஒரு பகுதி எண்ணெயில் இறங்கிவிடும். இத்தகைய காரில் எண்ணெய் மட்டம் குறையாமல் உயருமாயின் மகிழ்ச்சியடைய இடமில்லை, அது எச்சரிக்கையேயாகும்.

மின்சாரத்தால் மட்டும் ஓடும் காருக்கு எஞ்சின் இல்லை. ஆகவே இப்பிரச்சினையும் இல்லை.

கள ஊழியரின் வண்டி

கிராமச் சாலைகளில் செல்லும் ஜீப்புக்கும் இதே நியதி பொருந்தும். அங்குத் தூசியும் தாமதமும் மேலும் மிகுதி. 10,000 கிலோமீட்டரைச் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் எஞ்சின் 200 மணி நேரம் உழைக்கின்றது. அதே தொலைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பது 500 மணி நேரம் உழைக்கின்றது. டிராக்டருக்கும், டீசல் பம்புசெட்டுக்கும், மின்னாக்கி எஞ்சினுக்கும் எண்ணெய் இடைவெளியை மணிக்கணக்கில் குறிப்பதன் காரணம் இதுவே. பல டிராக்டர்களுக்கு இது 250 மணி அளவில் அமைகின்றது. சரியான அளவை அந்தந்தக் கையேட்டில் காண்க. ஜீப்பின் லாக் புத்தகத்தில் கிலோமீட்டரோடு எண்ணெய் மாற்றிய தேதியையும், முகாம்களில் எஞ்சினை நின்றவாறே ஓட்டிய நேரத்தையும் குறித்துவந்தால், எப்பொழுது மாற்றுவது என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. கால்நடைத் தடுப்பூசி முகாமுக்குச் செல்லும் ஜீப் வழியில் நின்றுவிட்டால், இழப்பு எஞ்சினோடு முடிவதில்லை.

குறியீடுகளை அறிதல்

எண்ணெய் டப்பாவின் மீது 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற குறியீடுகள் காணப்படும். இவை எண்ணெயின் பாகுத் தன்மையைக் குறிப்பன. தரத்தின் உயர்வு தாழ்வைக் குறிப்பனவல்ல. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறியதாயின், எண்ணெய் குளிரில் எளிதாகப் பாயும். பின்னுள்ள எண், சூடான நிலையில் எண்ணெய் எவ்வளவு தடித்திருக்கும் என்பதைக் காட்டும். தரத்தைக் குறிக்க வேறு எழுத்துகள் உண்டு. அமெரிக்கப் பெட்ரோலிய நிலையம் பெட்ரோல் எஞ்சின்களுக்காக 2020-இல் எஸ்.பி. என்னும் வகையையும், 2025-இல் எஸ்.க்யூ. என்னும் வகையையும் நடைமுறைக்குக் கொணர்ந்தது. கையேடு குறிக்கும் பாகுத் தன்மையையும் தரத்தையும் உடைய எண்ணெயே தக்கது. “டில்லி வெயிலுக்குத் தடித்த எண்ணெய் நல்லது” என்று தானே முடிவு செய்து மாற்றுவது நுண்ணிய வழிகளையுடைய இக்கால எஞ்சினுக்கு ஏற்றதன்று.

செயற்கை முறையில் ஆக்கிய எண்ணெய் உஷ்ணத்தை நெடுநேரம் தாங்கும். குளிரில் விரைவில் பாயும். ஆயினும் அதில் சேரும் நீரையும் பெட்ரோலையும் தூசியையும் அது தடுப்பதில்லை. எனவே விலை மிகுந்த எண்ணெயை ஊற்றிவிட்டதால் குறும்பயணக் காரின் தவணையைத் தன்னிச்சையாக நீட்டிக்கலாகாது.

எளிய சோதனைகள்

நிறத்தைக் கொண்டு எண்ணெயின் நிலையை மதிப்பிடுதல் மிகப் பரவலான தவறு. எண்ணெய் கறுத்திருப்பது பெரும்பாலும் அது கரியைத் தன்னுள் ஏற்று நன்கு பணி செய்வதற்கு அடையாளம். டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்துவிடும். மாறாக, எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெண்பசை படிந்திருப்பது குளிர்காலக் குறும்பயணத்தின் விளைவாக இருக்கலாம். அளவுக் குச்சியிலேயே அவ்வாறு காணப்பட்டால், குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கசிகின்றதா என்று உடனே மெக்கானிக்கைக் கொண்டு ஆராய வேண்டும்.

வடிதாளில் செய்யும் சோதனை பள்ளிகளிலும் செய்யத்தக்கது. சூடான எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் கழித்து, அளவுக் குச்சியிலிருந்து ஒரு துளியை வெள்ளை வடிதாளின் மீது இட்டு, ஒரு நாள் வைத்திருக்க வேண்டும். கறை நடுவிலிருந்து ஓரம் வரை படிப்படியாக மங்கிப் பரவினால், எண்ணெய் கசடை இன்னும் மிதக்கவைக்கும் ஆற்றலுடையது. நடுவில் தடித்த கரும்பொட்டாகவும், அதனைச் சுற்றித் தெளிவான எல்லையுடனும் நின்றுவிட்டால் அவ்வாற்றல் குன்றிவிட்டது. இச்சோதனை ஓரளவே வழிகாட்டும். எண்ணெயின் காரத்தன்மை எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை ஆய்வுக்கூடமே கூற இயலும். ஆகவே கறை நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கையேட்டின் தவணையைக் கடத்துதல் கூடாது.

மட்டத்தைச் சோதிக்கும்பொழுது வண்டி சமதரையில் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழிய வேண்டும். குச்சியைத் துடைத்து மீண்டும் செருகி எடுத்தால், எண்ணெய் இரு குறிகளுக்கிடையே காணப்படுதல் வேண்டும். குறைந்தால் தேய்மானமும், மிகுந்தால் நுரையும் உண்டாகும். குறைந்த அளவுக்குப் புதிய எண்ணெயை நிரப்புவது மாற்றுவதற்கு ஈடாகாது. பழைய கசடு உள்ளேயே தங்கிவிடுகின்றது.

மாற்றும் காலமும் முறையும்

கிட்வாய் நகரின் நிலைமைக்கு இவற்றைப் பொருத்தினால் சில தெளிவான முடிவுகள் கிடைக்கின்றன. கார் எவ்வளவு குறைவாக ஓடினும், ஓராண்டைக் கடந்து எண்ணெயை வைத்திருக்கலாகாது. அன்றாடப் பயணம் பெரும்பாலும் குறும்பயணமாயின், கையேட்டின் கடும் பயன்பாட்டு அட்டவணையைப் பின்பற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் மாற்றுவதாயின், குளிர்காலம் முடியும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை. குளிர்காலத்தில் சேர்ந்த நீரும் எரிபொருளும் வெளியேறும், கோடையின் உஷ்ணத்தைப் புதிய எண்ணெய் தாங்கும். வாரத்துக்கு ஒரு முறை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் தடையற்ற சாலையில் ஓட்டினால், சேர்ந்த ஈரம் ஆவியாகிவிடும். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவது இதற்கு மாற்றாகாது. அது எரிபொருளை வீணாக்கி, எண்ணெயில் மேலும் சேர்க்கின்றது.

மாற்றும்பொழுது எண்ணெய் இளஞ்சூடாக இருத்தல் நலம். கசடு மிதந்த நிலையில் முழுதும் வடியும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். ஒவ்வொரு முறையும் எண்ணெய் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். சிறிய கார்களுக்குப் பொதுவாக மூன்று முதல் நான்கு லிட்டர் தேவைப்படும். வேலை முடிந்தபின் தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து, ரசீதைப் பாதுகாத்தல் உத்தரவாதக் காலத்தில் இன்றியமையாதது.

கழிவெண்ணெய் எங்கே செல்கின்றது?

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது பெருங்குற்றத்துக்கு ஒப்பாகும். தென் டில்லியின் மழைநீரில் ஒரு பகுதி பாராபுல்லா வடிகால் வழியாக யமுனையை அடைகின்றது. ஒரு முறை எண்ணெய் மாற்றுவதால் கிடைக்கும் கழிவு, பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கூறுகின்றது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் கழிவெண்ணெயையும் கட்டுப்படுத்துகின்றன. அவ்விதிகளில் 2023-இல் செய்த திருத்தத்தின்படி, எண்ணெய் உற்பத்தியாளருக்கும் கழிவெண்ணெயை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் உண்டு. கழிவெண்ணெயைத் தூய்மை செய்து மீண்டும் அடிப்படை எண்ணெயாக்க இயலும். ஆதலால் அதனை மூடிய கலத்தில் வைத்து, சேகரிக்கும் பணிமனையிடமே ஒப்படைத்தல் வேண்டும். தேவைக்கு முன்பே எண்ணெயை மாற்றுவது ஏன் தவறு என்பதும் இதனால் விளங்கும்.

வகுப்பறைக்கு மூன்று கணக்குகள்

1. மாணவன் ஒருவனுடைய வீட்டுக் கார் நாளொன்றுக்கு எத்தனை முறை குளிர்ந்த நிலையில் தொடங்குகின்றது? ஒரு வாரம் குறித்துவந்து, 5,000 கிலோமீட்டருக்குள் அது எத்தனை முறை ஆகும் எனக் கணக்கிடுக.

2. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் சென்றால், எரியும் பெட்ரோல் 250 லிட்டர். அதிலிருந்து தோன்றும் நீரின் எடையைக் காண்க. (விடை: ஏறத்தாழ 263 கிலோகிராம்.)

3. மணிக்குச் சராசரி 16 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜீப், 250 மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு கடக்கும்? (விடை: 4,000 கிலோமீட்டர்.) பத்தாயிரம் கிலோமீட்டர் வரை காத்திருப்பது இந்த ஜீப்புக்குத் தகுமா என்பதை மாணவர்கள் விவாதிக்கலாம்.

எண்ணெய் எப்பொழுது மாற்றப்பட வேண்டும் என்னும் வினாவுக்கு எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஒரே எண் விடையாகாது. எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று என்பதோடு, எத்தனை மாதம் ஆயிற்று, எத்தனை முறை குளிர்ந்து தொடங்கிற்று, எத்தகைய தூசியிலும் வெயிலிலும் உழைத்தது என்பவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். குளிர்காலக் காலையில் புகைப்போக்கியிலிருந்து சொட்டும் நீரைக் காண்போர், அதன் ஒரு சிறு பங்கு எஞ்சினுள்ளும் தங்குகின்றது என்பதை நினைவிற் கொண்டால், கையேட்டின் “எது முந்தியதோ” என்னும் சொற்களை இனி விட்டுவிட்டுப் படிக்கமாட்டார்கள்.